மாஸ்டர் சீஃப் யாருக்குக் கட்டளையிடலாம்? ஹேலோ விளையாட்டுகளில் பதவியும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேலோ என்ற வீடியோ கேம் வரிசையை விளையாடும் தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. பதவியில் உயர்ந்தவர் யார் என்பது ஒரு விஷயம். இந்த இடத்தில், இந்த வேலையில் உத்தரவு போடும் உரிமை யாருக்கு என்பது வேறு விஷயம். ஹேலோ கதை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கதையின் திருப்பங்களையெல்லாம் சொல்லித்தான் பேச முடிகிறது. அதனால் இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

"மாஸ்டர் சீஃப்" என்பது அவருடைய பெயரா?

இல்லை, பதவி. ஹேலோவின் நாயகனான அவர் பெயர் ஜான். ஸ்பார்ட்டன் என்ற, சிறு வயதிலிருந்தே பயிற்றுவிக்கப்பட்ட அதிவீரர்களில் ஒருவர். அந்த எண்ணோடு சேர்த்து ஜான்-117. பதவியை முழுதாகச் சொன்னால் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆஃபீசர். யூ.என்.எஸ்.சி. என்ற மனிதர்களின் விண்வெளிப் படையில், கடற்படைப் பிரிவைச் சேர்ந்தவர். விண்வெளியில் கடற்படை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கப்பல் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கடற்படை, அவ்வளவுதான். 2001இல் வந்த முதல் ஹேலோவின் கதை 2552ஆம் ஆண்டில் நடக்கிறது. ஆனால் மனிதர் பக்கப் பதவிகள் கிட்டத்தட்ட எல்லாம் இன்றைய அமெரிக்கக் கடற்படையிலும், கப்பலிலிருந்து இறங்கிச் சண்டையிடும் மரீன் படையிலும் இருப்பவைதான். அதனால் நிஜப் படைகளின் வழக்கம் தெரிந்தால் கதையும் பாதி விளங்கிவிடும்.

அது பெரிய பதவியா, சின்னப் பதவியா?

படைகளில் இரண்டு ஏணிகள் உண்டு. சாதாரண மாலுமியாகச் சேர்ந்து படிப்படியாக ஏறுவது ஒன்று. அதிகாரியாகவே உள்ளே நுழைவது இன்னொன்று. மாஸ்டர் சீஃப் முதல் ஏணியின் உச்சிப்படி. அமெரிக்கக் கடற்படையில் 1958இல் உண்டாக்கப்பட்ட இந்தப் பதவியின் ஊதிய நிலை ஈ-9. மாலுமிகளுக்கு அதற்கு மேல் நிலை கிடையாது. ஆனால் அந்த உச்சிப்படியே இரண்டாவது ஏணியின் முதல் படிக்குக் கீழேதான் இருக்கிறது. பயிற்சி முடித்து நேற்று கப்பலேறிய என்சைன்கூட, ஏட்டின்படி அவருக்கு மேல்.

என் சித்தப்பா இந்தியக் கடற்படையில் இதே பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் கடற்படையில் மாஸ்டர் சீஃபுக்கு இரண்டு வகுப்பு உண்டு. முதல் வகுப்பு தரைப்படையின் சுபேதார் மேஜருக்குச் சமம், இரண்டாம் வகுப்பு சுபேதாருக்குச் சமம். நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தவர் முதலில் கேட்டது, "இவரு ஃபர்ஸ்ட் கிளாஸா, செகண்ட் கிளாஸா?" அமெரிக்க முறையில் அப்படிப் பிரிவு இல்லை என்றேன். அப்போது திரையில், சீஃப் இருக்கும் கப்பலின் கேப்டன் கீஸ் தன் கைத்துப்பாக்கியை எடுத்து சீஃபிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அதில் குண்டு கிடையாது. போகிற வழியில் தேடிக்கொள்ளச் சொல்கிறார். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கேப்டன் பேசறதைப் பாரு. எங்க கப்பல்லயும் இப்படித்தான்டா. சின்ன ஆஃபீசருங்க உத்தரவு போடுவாங்க. போடறதுக்கு முன்னாடி எங்க முகத்தை ஒரு தடவை பாத்துக்குவாங்க." சட்டப்படியான பதவிக்கும் அனுபவத்தால் வரும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்படியானால் ஒரு புது லெப்டினன்ட் அவரை "அங்கே போய் நில்" என்று சொல்லிவிடலாமா?

பதவி வரிசையை மட்டும் பார்த்தால் சொல்லலாம். கட்டளைச் சங்கிலியைப் பார்த்தால் பெரும்பாலும் முடியாது. தாசில்தார் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பொதுப்பணித் துறை ஊழியருக்கு வேலை ஒதுக்க மாட்டார் அல்லவா, அதுபோல. மரியாதை தருவது வேறு, வேலை வாங்குவது வேறு. ஸ்பார்ட்டன்கள் கடற்படையின் சிறப்புப் போர்ப் பிரிவில் வருபவர்கள். அவர்களுக்கான பணி கப்பல் கேப்டனிடமிருந்தோ அட்மிரலிடமிருந்தோ நேரடியாக வருகிறது. நடுவில் குறுக்கே வரும் லெப்டினன்ட் அதைத் திருப்பிவிட முடியாது.

அதே நேரம், சீஃப் தன் இஷ்டத்துக்குச் செயல்படுபவரும் அல்ல. ஹேலோ 2இல் கெய்ரோ விண்நிலையத்துக்குள், மனிதர்களோடு போரிடும் வேற்றுக்கிரக இனங்களின் மதக் கூட்டணியான கோவனன்ட்டின் படை ஒரு பெரிய வெடிகுண்டை வைத்துவிடுகிறது. சீஃபுக்குத் துணையாக இருக்கும் செயற்கை அறிவான கோர்டானா அதைச் செயலிழக்க வைக்கிறாள். அடுத்து சீஃப் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நிலையத்தை விட்டு வெளியே போக ஃப்ளீட் அட்மிரல் லார்ட் ஹுட்டிடம் அனுமதி கேட்கிறார். எதற்கு என்று ஹுட் கேட்க, அவர்களுடைய குண்டை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க என்கிறார். அனுமதி கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் குண்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளியில் பாய்கிறார். பலரும் அந்தப் பாய்ச்சலை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அனுமதி கேட்ட ஒரு நொடி பெரிது. உலகமே இடிந்து விழும் நேரத்திலும், வெளியே போவதென்றால் கேட்டுவிட்டுப் போகிற மனிதர் அவர்.

களத்தில் மரீன்கள் ஏன் அவர் பின்னால் போகிறார்கள்? அவர் அவர்களுடைய அதிகாரி இல்லையே?

இல்லைதான். மரீன் படை வேறு, கடற்படை வேறு. ஆனால் கீஸ் போன்ற ஒரு தளபதி "இந்த வேலையை சீஃப் முடிக்கட்டும், நீங்கள் துணை போங்கள்" என்று அனுப்பிவிட்டால், அந்த வேலை முடியும்வரை சீஃபின் சொல் அங்கே செல்லும். அவருடைய பதவியைவிட அந்தப் பணிதான் அவருக்கு அதிகாரம் தருகிறது.

விளையாட்டும் இதை அழகாகக் கையாள்கிறது. முதன்மை வரிசையில் ஹேலோ 5 வரும்வரை, கூட இருப்பவர்களுக்கு உத்தரவு போட ஒரு பொத்தான்கூடக் கிடையாது. வார்ட்ஹாக் வண்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினால் அவர்களாகவே ஏறிக்கொள்வார்கள். நீங்கள் முன்னே போனால் பின்னே வருவார்கள். அப்புறம், இந்த நம்பிக்கை திரும்பப் பெறக்கூடியது என்பதையும் முதல் ஹேலோ காட்டிவிடுகிறது. கப்பலின் கட்டளை மேடையில் நின்றுகொண்டு கீஸைச் சுட்டுப் பாருங்கள். கோர்டானா உடனே காவல் மரீன்களை அழைப்பாள். வருகிறவர்களை உங்களால் கொல்ல முடியாது, அவர்களால் உங்களைக் கொல்ல முடியும்.

சார்ஜென்ட் ஜான்சன் பற்றியும் ஒன்று. ஹேலோ 2 பதக்க விழாவில் ஹுட் அவரை சார்ஜென்ட் மேஜர் என்று அழைக்கிறார். மரீன் படையின் சார்ஜென்ட் மேஜரும் கடற்படையின் மாஸ்டர் சீஃபும் ஒரே ஈ-9 நிலை. அதாவது ஜான்சனும் சீஃபும் சரிசமம். அவர்கள் பேச்சில் இருக்கும் உரிமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்படை கேப்டனும் மரீன் கேப்டனும் ஒன்றா?

ஒன்றல்ல. கடற்படை கேப்டன் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். மரீன் கேப்டன் அதைவிட மூன்று படி கீழே. இந்தியப் படைகளிலும் கடற்படைக் கேப்டனும் கர்னலும் சமம்தான். இன்னொன்று: கப்பலை நடத்துபவரை, அவர் பதவி எதுவாக இருந்தாலும், அந்தக் கப்பலின் கேப்டன் என்பது மரபு. கீஸின் மகள் மிராண்டா பதவியில் கமாண்டர். ஆனால் இன் ஆம்பர் கிளாட் கப்பலில் கடைசி முடிவு அவருடையது.

முதல் ஹேலோவில் இறந்துபோன கீஸின் தலைக்குள்ளிருந்து சீஃப் எதை எடுக்கிறார்? ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் கண்டாலே எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் கட்டளை அதிகாரம் என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளை இந்த ஓர் இடத்தில் விளையாட்டு கையில் எடுத்துக் காட்டுகிறது.

ஹேலோ என்ற, விண்வெளியில் மிதக்கும் மாபெரும் ஆயுத வளையத்தை அழிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, நொறுங்கி விழுந்து கிடக்கும் பில்லர் ஆஃப் ஆட்டம் கப்பலின் எஞ்சின்களை வெடிக்க வைப்பது. ஆனால் ஒரு போர்க்கப்பலைத் தானாக அழிந்துபோகச் சொல்ல எல்லோராலும் முடியாது. கேப்டனின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கீஸின் மூளையில் பதித்த நரம்புக் கருவியில் இருக்கிறது. கீஸோ எதிரிக் கப்பலுக்குள் ஃப்ளட் என்ற ஒட்டுண்ணியின் பிடியில். சீஃப் போய்ச் சேரும்போது அங்கே மனிதர் இல்லை. பெரிய சதைப் பிண்டத்தில் ஒரு முகத்தின் சாயல் மட்டும் தெரிகிறது. சீஃப் ஒரு கணம் நிற்கிறார். பிறகு கையை ஓங்கி உள்ளே செலுத்தி, கருவியைப் பிடுங்கி எடுக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்த வளையத்தில் அவரைவிடப் பலமான மனிதர் இல்லை. அவருடைய தலைக்கவசத்துக்குள் எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த கோர்டானா இருக்கிறாள். அப்படியிருந்தும் ஒரு கேப்டனின் கையெழுத்தை இவர்களால் போட முடியவில்லை. இறந்த பிறகும் கப்பல் கீஸுடையதாகவே இருந்தது.

அதோடு கதை முடியவில்லை. அந்த அனுமதியை வைத்துத் தொடங்கிய எண்ணிக்கையை, வளையத்தின் காவல் இயந்திரமான கில்டி ஸ்பார்க் நிறுத்திவிடுகிறது. கடைசியில் எஞ்சின் அறைக்குப் போய் வெடிகுண்டால்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது.

கோர்டானா எப்போதும் "இதைச் செய், அங்கே போ" என்கிறாளே? அவள் பதவி என்ன?

பதவியே இல்லை. கட்டளைச் சங்கிலியில் அவளுக்குக் கண்ணி கிடையாது. அவள் சொல்வதெல்லாம் ஆலோசனை. சீஃப் அதை ஏற்பது அவர் விருப்பம். கேப்டன் கீஸ் அவளைக் காப்பாற்றிக் கொண்டுபோகும் பொறுப்பைத்தான் சீஃபிடம் கொடுத்தார்.

இங்கே கோல் நெறிமுறை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோவனன்ட்டுடன் நடக்கும் போரில் எந்தக் கப்பலும் எதிரியைப் பூமிக்கு வழிகாட்டிவிடக் கூடாது, கப்பலின் செயற்கை அறிவு எதிரி கையில் சிக்கக் கூடாது என்பது அந்த நெறிமுறையின் சாரம். கேப்டனாலும் இதை மீற முடியாது. இந்தச் சட்டத்தின் கண்ணில் கோர்டானா ஒரு வீராங்கனை அல்ல. ஒன்று பாதுகாக்கப்பட வேண்டிய, இல்லையென்றால் அழிக்கப்பட வேண்டிய ஒரு பொருள். இதை மறக்காமல் வைத்திருங்கள். ஹேலோ 4க்கு வரும்போது தேவைப்படும்.

"ரீக்ளெய்மர்" என்பதும் ஒரு பதவியா?

அது மனிதப் படைகளுக்கு முற்றிலும் வெளியே இருக்கும் அதிகாரம். வளையங்களைக் கட்டிய ஃபோர்ரன்னர் இனத்தின் இயந்திரங்கள் அட்மிரலையும் பார்ப்பதில்லை, சிப்பாயையும் பார்ப்பதில்லை. மனிதரா என்று மட்டும் பார்க்கின்றன. கில்டி ஸ்பார்க்கால் வளையத்தை இயக்கும் சாவியைத் தானே பொருத்த முடியாது. அதற்கு ஒரு ரீக்ளெய்மர் வேண்டும். பிறப்பால் வரும் உரிமை என்பதால் அதைப் பறிக்கவும் முடியாது, ஆனால் பலவந்தப்படுத்த முடியும். ஹேலோ 2 முடிவில், கோவனன்ட்டில் உள்ள புரூட் இனத்தின் தலைவன் டார்டரஸ், மிராண்டாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கையாலேயே சாவியைப் பொருத்துகிறான். கட்டளையிடும் தகுதி ஒருவரிடமும் கட்டளையிடும் சக்தி இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

கோவனன்ட் படையில் யார் பெரியவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கவசத்தின் நிறத்தைப் பாருங்கள். எலைட், கிரன்ட் என்பவை கோவனன்ட்டில் உள்ள இனங்கள். முதல் ஹேலோவில் நீல எலைட் கீழ்நிலை வீரர், சிவப்பு எலைட் அவருக்கு மேல், தங்க நிறம் என்றால் உயர்ந்த தளபதி. பெரும்பாலும் கையில் ஒளிவாள் இருக்கும். கிரன்ட்களில் ஆரஞ்சு கீழே, சிவப்பு மேலே. விளையாட்டின் கடினத்தைக் கூட்டினால் நீலங்கள் குறைந்து சிவப்புகள் கூடும்.

இந்த நிறங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல, சண்டையின் போக்கே அவற்றில் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் இருக்கும் எலைட்டை முதலில் வீழ்த்துங்கள். கூட இருந்த குட்டி கிரன்ட்கள் கையைத் தூக்கிக்கொண்டு, தலைவர் செத்துவிட்டார் என்று கத்தியபடி சிதறி ஓடும். கிரன்ட்களை முதலில் சுட்டால் எலைட் அசைய மாட்டார், இன்னும் ஆவேசமாக வருவார். மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே ஓடும் அதிகாரம் இது. மேலே வெட்டினால் கீழே ஒன்றும் மிஞ்சாது. மரீன்கள் அப்படி இல்லை. சார்ஜென்ட் விழுந்தாலும் மற்றவர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு படைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வசனமும் இல்லாமல், பத்து நிமிட ஆட்டத்தில் புரிய வைத்துவிட்டார்கள். 2001இல் இதைச் செய்த பங்கி நிறுவனத்தாரை நான் இன்றும் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆர்பிட்டர் பெரிய தளபதியா, தண்டிக்கப்பட்டவரா?

தளபதியாக இருந்து தண்டிக்கப்பட்டவர். ஹேலோ 2 தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கெய்ரோ நிலையத்தில் சீஃபுக்கும் ஜான்சனுக்கும் பாராட்டு. அதே காட்சித் தொடரில், மாறி மாறி, முதல் வளையம் அழிந்ததற்குப் பொறுப்பாக்கப்பட்ட எலைட் பெருந்தளபதியின் விசாரணை. அவருடைய கவசத்தைக் கழற்றுகிறார்கள். மார்பில் அவமானச் சின்னத்தைச் சூடு போடுகிறார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இங்கே பதக்கம், அங்கே சூடு.

பிறகு மதத்தலைவர்கள் அவருக்கு ஆர்பிட்டர் என்ற பழைய கவசத்தைக் கொடுக்கிறார்கள். பட்டம் பெரியது, பயணம் சாவை நோக்கியது. படை என்று சொந்தமாக எதுவும் கிடையாது. முதல் பணிக்குப் புறப்படும்போது சிறப்புப் படைத் தளபதி அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்: இவர்கள் என் வீரர்கள், இவர்கள் உயிர் எனக்கு முக்கியம், உன் உயிர் அல்ல. அப்படியானால் நாம் இருவரும் ஒரே கருத்துதான் என்பது போலப் பதில் சொல்கிறார் ஆர்பிட்டர். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். பட்டம் இருந்தும் அதிகாரம் இல்லாத ஒருவர், அதை ஒப்புக்கொண்டு, அதே களத்தில் இறங்கிச் சண்டை போட்டு, மெல்ல மெல்ல மரியாதையைத் திரும்பச் சம்பாதிக்கிறார். ஹேலோ 3இல் எலைட்கள் அவரோடு நிற்கிறார்கள் என்றால், பட்டம் அதற்குக் காரணம் அல்ல.

கோவனன்ட் உடைந்ததும் ஓர் அதிகார மாற்றத்தில்தான். தலைவர்களைக் காக்கும் காவலர் பொறுப்பு எலைட்களிடம் இருந்தது. மதத்தலைவர்களில் ஒருவரான ரெக்ரெட் சீஃபால் கொல்லப்பட்டதும் அந்தப் பொறுப்பைப் பிடுங்கி புரூட்களிடம் கொடுக்கிறார்கள். அந்த அவமானத்தில் தொடங்கியது உள்நாட்டுப் போரில் போய் முடிந்தது.

ஹேலோ: ரீச்சில் வரும் நோபிள் குழுவில் எண் வரிசைதான் பதவி வரிசையா?

அல்ல. நோபிள் ஒன்று, கமாண்டர் கார்ட்டர். இரண்டு, லெப்டினன்ட் கமாண்டர் கேட். இதுவரை எண்ணும் பதவியும் ஒத்துப்போகின்றன. ஆறாவது ஆளாக வரும் நம் பாத்திரம் லெப்டினன்ட். மூன்று, நான்கு, ஐந்தாம் எண்ணில் இருக்கும் ஜூன், எமில், ஜார்ஜ் மூவரும் லெப்டினன்டுக்குக் கீழே வரும் வாரன்ட் அதிகாரிகள். ஆக, கடைசியாகக் குழுவில் சேர்ந்தவர் மூன்று பேருக்கு மேல். ஆனால் சிக்ஸ் ஓரிடத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. குழுவுக்குப் புதியவர், மற்றவர்கள் ஏற்கெனவே ஒன்றாகச் சண்டை போட்டவர்கள், கார்ட்டர் பேசினால் போதும். நல்ல ஸ்டேஷனில் புது எஸ்.ஐ. ஏட்டையாவிடம் நடந்துகொள்வது இப்படித்தான்.

ஓ.டி.எஸ்.டி. விளையாட்டில் சார்ஜென்ட் பக் ஏன் காரணமே தெரியாமல் உத்தரவுக்குக் கட்டுப்படுகிறார்?

உத்தரவு போட்டவர் கடற்படை உளவுத்துறையின் கேப்டன் வெரோனிகா டேர். உளவுத்துறைக்கு ஒரு வசதி உண்டு; உத்தரவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நியூ மொம்பாசாவில் பக்கின் குழு குதிக்கும்போது உண்மையான இலக்கு என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. முன்பு பக்கும் டேரும் காதலர்கள் என்பது இந்த உறவை இன்னும் கடினமாக்குகிறது. 2009இல் வந்த இந்த விளையாட்டை அவசரமாக முடிக்காமல், மழையில் நனைந்த அந்தத் தெருக்களில் நிதானமாக நடந்து பாருங்கள்.

ஹேலோ 4இல் கேப்டன் டெல் ரியோவின் உத்தரவை சீஃப் மறுத்தது குற்றமா?

சட்டப்படி ஆம். அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2557. இன்ஃபினிட்டி என்ற மாபெரும் கப்பலின் கேப்டன் ஆண்ட்ரூ டெல் ரியோ. டைடாக்ட் என்ற எதிரியை இப்போதே தடுக்க வேண்டும் என்கிறார் சீஃப். அடிபட்ட கப்பலோடு பூமிக்குத் திரும்ப வேண்டும் என்கிறார் டெல் ரியோ. நடுவில் கோர்டானா நிலைகுலைந்து கத்துகிறாள். அவளைப் போன்ற செயற்கை அறிவுக்கு ஏழு ஆண்டுதான் ஆயுள். அவளுக்கு எட்டாகிவிட்டது. விதிப்படி அவளை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அழித்துவிடுவார்கள். டெல் ரியோ கையை நீட்டிக் கேட்கிறார். சீஃப் அவளுடைய சில்லைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது இரண்டே சொல்: முடியாது, சார்.

அந்த "சார்" முக்கியம். மறுக்கும்போதும் எதிரில் இருப்பவரின் பதவியை அவர் மறுக்கவில்லை. கெய்ரோவில் அனுமதி கேட்ட அதே மனிதர்தான் இவர். டெல் ரியோ இவரைக் கைது செய்யச் சொல்லிக் கத்துகிறார். மேடையில் இருந்த யாரும் கை வைக்கவில்லை. துணைத் தளபதி லாஸ்கி பிறகு சத்தமில்லாமல் ஒரு பெலிகன் விமானத்தை ஏற்பாடு செய்து தருகிறார்.

டெல் ரியோவைக் கோழை என்று பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களைச் சுமந்த கப்பல் அவருடையது. நிலை தடுமாறும் ஒரு செயற்கை அறிவின் பேச்சை நம்பி அதை அபாயத்தில் இறக்க மறுப்பது ஒரு கேப்டனின் நியாயமான தயக்கம்தான். அவர் தவறியது வேறிடத்தில். தன் உத்தரவை யாராவது நிறைவேற்றுவார்களா என்பதை அறியாமலேயே உத்தரவு போட்டார். சீஃபை அங்கேயே விட்டுவிட்டுப் பூமிக்குத் திரும்பியதும் தலைமை அவரிடமிருந்து கப்பலைப் பறித்து லாஸ்கியிடம் கொடுத்துவிட்டது.

ஒப்பிட வேண்டும் என்றால் ஹேலோ 3இல் லார்ட் ஹுட்டைப் பாருங்கள். பூமியைக் காக்கப் படை வேண்டும், மீதமிருப்பதோ சில கப்பல்கள். கோர்டானா அனுப்பிய செய்தியை நம்பி, விண்வெளியின் வேறோர் இடத்துக்குத் திறந்திருக்கும் வாயிலைத் தாண்டிப் போக வேண்டும் என்கிறார்கள் மிராண்டாவும் சீஃபும். ஹுட்டுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தும் தனக்குக் கீழே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, கடைசியில் போக விடுகிறார்.

ஹேலோ 5இல் லெப்டினன்ட் ஃப்ரெட், மாஸ்டர் சீஃபின் பேச்சைக் கேட்கிறாரே, இது முறையா?

பதவியில் ஃப்ரெட்-104 உயர்ந்தவர். லெப்டினன்ட் என்றால் அதிகாரி. ஆனால் புளூ குழுவை நடத்துவது ஜான். இருவரும் ஆறு வயதில் வீட்டிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டு, ஒரே முகாமில் வளர்க்கப்பட்டவர்கள். அண்ணன் தம்பிக்குள் யார் தாசில்தார், யார் குமாஸ்தா என்று பார்த்துச் சாப்பாடு பரிமாற மாட்டோம், அப்படித்தான் இதுவும். அந்த விளையாட்டில் கோர்டானாவைத் தேடி, லாஸ்கியின் திரும்பி வா என்ற உத்தரவை மீறி ஜான் போகும்போது, ஃப்ரெட், கெல்லி, லிண்டா மூவரும் கூடவே போகிறார்கள். அவர்களைப் பிடித்து வர ஸ்பார்ட்டன் லாக் அனுப்பப்படுகிறார். லாக் தலைமுறையில் ஸ்பார்ட்டன்கள் தனிப் படைப் பிரிவு ஆகிவிட்டார்கள், அதனால்தான் "ஸ்பார்ட்டன்" என்ற சொல்லே அவர்கள் பெயருக்கு முன் பதவியைப் போல வருகிறது.

நான் இணைய ஆட்டத்தில் ஜெனரல் ஆகிவிட்டேன். மற்றவர்களுக்கு உத்தரவு போடலாமா?

அது திறமைக்கும் ஆடிய நேரத்துக்கும் தரப்படும் அடையாளம். ஹேலோ 3இல் கேப்டனுக்கு மேல் மேஜர், அதற்கு மேல் கமாண்டர், அப்புறம் கர்னல் என்று தரைப்படைப் பதவியும் கடற்படைப் பதவியும் கலந்தே வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். நிஜப் படையோடு ஒப்பிட வேண்டாம்.

ஹேலோ இன்ஃபினிட்டில் சீஃபுக்கு மேலதிகாரி யார்?

2021இல் வந்த அந்த விளையாட்டு தொடங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாரும் இல்லை. இன்ஃபினிட்டி கப்பல் தோற்றுப்போய்விட்டது. சிதறிக் கிடக்கும் மரீன்களை நீங்கள் ஒவ்வொரு முகாமாக மீட்க வேண்டும். உத்தரவு என்று மேலிருந்து எதுவும் வராத உலகம் அது.

அங்கே அவரோடு முதலில் இருப்பது ஒரு பெலிகன் விமானி. உடையைப் பார்த்தால் படைவீரர். பயத்தில் எப்போதும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்கிறார், கத்துகிறார், சீஃபைத் திட்டுகிறார். பாதியில் உடைந்துபோய் உண்மையைச் சொல்கிறார்: அவர் பெயர் ஃபெர்னாண்டோ எஸ்பார்சா, விமானியும் அல்ல, வீரரும் அல்ல, சாதாரண பொறியாளர். கப்பல் தாக்கப்பட்டபோது உயிருக்குப் பயந்து பெலிகனைத் திருடிக்கொண்டு ஓடியவர். அவருக்குப் பதவி இல்லை, சங்கிலியில் இடமில்லை, அந்த உடையைப் போடும் உரிமைகூட இல்லை.

ராணுவச் சட்டப்படி சீஃப் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். தவறு எல்லோரும் செய்வதுதான், தானும் தவறியிருக்கிறேன் என்றுதான் சொல்கிறார். பிறகும் அந்தப் பெலிகனை எஸ்பார்சாதான் ஓட்டுகிறார்.